புற்று–விந்தக எதிர்ப்புத்தூண்டி: சொல் விளக்கம்

வயதுவந்த ஆணின் விந்தகத்தில் இயல்பாக உருவாகி, உடலின் பிற நலமான திசுக்களில் அநேகமாகத் தலைகாட்டாத சில புரதங்கள், பலவகைப் புற்றுக்கட்டிகளில் மீண்டும் தோன்றுகின்றன. இவற்றுக்கு ஆங்கில மருத்துவ வழக்கில் ‘கேன்சர்–டெஸ்டிஸ் ஆன்டிஜென்’ என்று பெயர். சுருக்கமாக ‘சிடி ஆன்டிஜென்’. 1990களின் பிற்பகுதியில் லாயிட் ஓல்ட், யாவ்-செங் சென் ஆகிய ஆய்வாளர்கள் இப்பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்தனர். இதிலுள்ள மூன்று சொற்களுக்கும் தனித்தனியே தமிழ் உண்டு; அவற்றைச் சேர்க்கும்போதுதான் தடுமாற்றம் நேர்கிறது.

அவசரத்தில் ‘விந்தகப் புற்று ஆன்டிஜென்’ என்று எழுதிவிட்டால் பொருள் முற்றிலும் மாறிவிடும். ‘விந்தகப் புற்று’ என்பது வேற்றுமைத்தொகை. ஒற்று மிகுந்திருப்பதே அது விந்தகத்தில் தோன்றும் புற்று என்பதைக் காட்டிவிடுகிறது. மூலச்சொல்லோ புற்றிலும் விந்தகத்திலும் காணப்படுவது என்ற பொருளுடையது. தமிழ் இலக்கணப்படி அது உம்மைத்தொகையாக அமைய வேண்டியது. ஆகவே ‘புற்று’ முன்னும் ‘விந்தகம்’ பின்னுமாக நின்று, இடையில் ஒரு கோடும் இருப்பதே குழப்பத்தைத் தவிர்க்கும். இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. இப்புரதங்கள் சூலகப் புற்றிலும் மார்பகப் புற்றிலும், அதாவது பெண்களின் கட்டிகளிலும் காணப்படுகின்றன என்பதைப் பிழையான தொகை மறைத்துவிடும்.

‘டெஸ்டிஸ்’ இலத்தீன் சொல். அம்மொழியில் ‘சாட்சி’ என்ற பொருளும் அதற்கு உண்டு. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்பதில் சொற்பிறப்பாளர்கள் ஒத்துப்போவதில்லை. தமிழில் விதை, விரை ஆகிய இரண்டும் செடியின் வித்தினையும் குறிக்கும், இவ்வுறுப்பையும் குறிக்கும். விரைப்பை, விரைவீக்கம் ஆகிய சொற்கள் இன்றும் வழக்கில் உள்ளன. ‘அண்டம்’ என்பதும் உண்டு, ஆனால் அது முட்டையையும் குறிப்பதால் உயிரியல் எழுத்தில் இடர் தரும். சூலகம் என்ற சொல்லுக்கு இணையாக அமைந்த ‘விந்தகம்’ இவ்விடத்திற்குப் பொருத்தமானது.

மூன்றாவது சொல்லில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. ‘ஆன்டிஜென்’ என்ற சொல் ஹங்கேரிய மருத்துவ அறிஞர் லாஸ்லோ டெட்ரே 1899ஆம் ஆண்டளவில் ஆண்டது. எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடி என்னும் நோயெதிர்ப்புப் புரதத்தை, உருவாக்கச் செய்வது என்பது அதன் கருத்து. தமிழில் வழங்கும் ‘எதிர்ப்பொருள் தூண்டி’, ‘பிறபொருளெதிரியாக்கி’ ஆகிய இரண்டும் இக்கருத்தையே தழுவியவை. ஆனால் இந்தப் புரத வகையில் முதலாவது அகப்பட்டது எதிர்ப்பொருளின் வழியாக அன்று. 1991இல் பிரசெல்ஸ் நகரில் தியரி பூன் குழுவினர், மெலனோமா என்னும் தோல் புற்று கொண்ட ஒருவரின் டி உயிரணுக்கள் (நோயெதிர்ப்பில் ஈடுபடும் ஒருவகை வெள்ளணுக்கள்) அவருடைய கட்டியையே இனங்கண்டு கொல்வதைத் தடம்பற்றிச் சென்று, மேஜ்-1 என்ற மரபணுவைக் கண்டறிந்தனர். 1997இல் வெளிவந்த என்ஒய்-இஎஸ்ஓ-1 என்ற புரதத்திற்குத்தான் பழைய பொருள் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது: உணவுக்குழாய்ப் புற்று கொண்ட ஒருவரின் குருதியில் இருந்த எதிர்ப்பொருளே அதைக் காட்டிக்கொடுத்தது. இரு வழிகளையும் அடக்கவேண்டுமானால் ‘எதிர்ப்புத்தூண்டி’ என்ற சற்று விரிந்த சொல்லே தக்கது என்பது என் கருத்து. எதிர்ப்பது எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம், டி உயிரணுவாகவும் இருக்கலாம்.

விந்தகப் புரதத்தைக் குறிவைத்தால் விந்தகமும் தாக்கப்படாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. விந்தகத்திலுள்ள செர்ட்டோலி என்னும் துணை உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, வளரும் விந்தணுக்களைக் குருதியோட்டத்திலிருந்து பிரிக்கும் தடுப்பாக நிற்கின்றன. அதைவிட முக்கியமானது, உயிரணுவுக்குள் இருக்கும் புரதத்தின் துண்டுகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் எச்எல்ஏ முதல்வகை மூலக்கூறுகள் விந்தாக்க உயிரணுக்களில் இல்லை என்பதாகும். காட்டப்படாத துண்டை டி உயிரணு காண முடியாது. புற்று உயிரணுவோ பெரும்பாலும் அதைக் காட்டுகிறது. ஆதலால், உடல் முழுவதற்கும் பொதுவான மரபணுவின் விளைபொருளாக இருந்தும், நோயெதிர்ப்பு மண்டலத்தின் பார்வையில் இப்புரதம் கட்டிக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது.

அடங்கிக் கிடந்த மரபணு கட்டியில் விழிப்பதற்கு முதன்மைக் காரணம், டிஎன்ஏவில் ஒட்டி மரபணுவை அடக்கிவைக்கும் மெத்தில் என்ற வேதித்தொகுதியின் பூட்டு கழல்வது. மெத்தில் சேர்க்கையைத் தடுக்கும் டெசிட்டபின் என்ற மருந்தைக் கொடுத்தால் புற்று உயிரணுக்களில் இம்மரபணுக்கள் செயல்படத் தொடங்குவது இதற்குச் சான்று. இவற்றில் பல எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளன.

மருத்துவத்தில் இப்புரதங்களைக் குறிவைக்கும் கருத்து நேர்வழியில் வெற்றிபெறவில்லை. மேஜ்-ஏ3 புரதத்தைக் கொண்டு செய்த தடுப்பூசி, நுரையீரல் புற்றில் 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஆராயப்பட்டு, நோய் மீள்வதைக் குறைக்கவில்லை என்று 2014இல் தெரியவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான மற்றொரு செய்தி இன்னும் கடுமையானது: அதே புரதத்தின் துண்டைப் பற்றும் திறன் கூட்டப்பட்ட டி உயிரணுக்கள் ஏற்றப்பட்ட இருவர் சில நாள்களிலேயே இதயம் செயலிழந்து இறந்தனர். இதயத் தசையில் மேஜ்-ஏ3 இல்லை. ஆனால் அங்குள்ள டைட்டின் என்ற பெரும்புரதத்தின் ஒரு சிறு துண்டு அதை ஒத்திருந்தது. ‘விந்தகத்துக்கே உரியது’ என்ற அடைமொழி முழுப் புரதத்துக்குத்தான் பொருந்தும். டி உயிரணு பார்ப்பதோ ஏறத்தாழ 9 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டை மட்டுமே.

2024 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சைனோவியல் சார்கோமா என்னும் மென்திசுப் புற்றுக்கு, மேஜ்-ஏ4 புரதத்தைக் குறிவைக்கும் அஃபமிட்ரெஸ்ஜீன் ஆட்டோலூசெல் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது. நோயாளியின் சொந்த டி உயிரணுக்களே மரபணு மாற்றம் செய்து திரும்ப ஏற்றப்படுகின்றன. கட்டியில் மேஜ்-ஏ4 இருப்பதோடு, அத்துண்டை ஏந்திக் காட்டும் எச்எல்ஏ-ஏ02 வகையும் நோயாளிக்கு இருக்கவேண்டும் என்பதால், சிகிச்சைக்கு முன் இவ்விரண்டும் சோதித்து உறுதிசெய்யப்படுகின்றன.