"ஒரு சிகரெட் கூடத் தொட்டதில்லையே, டாக்டர்!"

சென்ற வாரமும் அதே கேள்வி. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, நான்கு மாத இருமல். திரையில் அவருடைய சி.டி. ஸ்கேன்: வலது நுரையீரலின் மேல் பகுதியில், ஓரமெல்லாம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டி. கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியின் முடிவும் வந்துவிட்டது: நுரையீரல் புற்றுநோய். கணவர் திரையைப் பார்க்கவே இல்லை. "இவ வாழ்க்கையில ஒரு சிகரெட் கூடத் தொட்டதில்லையே டாக்டர், எப்படி?" என்று என்னையே பார்த்துக் கேட்டார்.

அந்த நான்கு மாதத்தில் மாற்றி மாற்றி இருமல் மருந்து, இரண்டு தடவை ஆன்டிபயாட்டிக். ஒரு எக்ஸ்ரே எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. புகைக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோய் வராது என்ற நினைப்புதான் காரணம். நோயாளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 'புகைப்பழக்கம் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும் பழக்கம் மருத்துவர்களான எங்களுக்கும் உண்டு.

புகையிலைதான் முதல் காரணம், அதில் சந்தேகமே வேண்டாம். 2022-இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 25 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்தது, 18 லட்சம் பேர் இறந்தார்கள். இதில் பெரும்பங்கு புகையிலையால்தான். ஆனால் பெரும்பங்கு என்றால் முழுவதும் அல்ல. எந்த நாட்டுக் கணக்கைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, நோயாளிகளில் பத்தில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை வாழ்நாளில் புகைக்காதவர்கள். கிழக்காசியப் பெண்களிடம் இந்த விகிதம் இன்னும் அதிகம்.

சீனாவின் யுனான் மாகாணத்தில் சுவான்வெய் என்றொரு பகுதி. அங்கே பெண்கள் புகைப்பது மிக அபூர்வம். ஆனாலும் அவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. வீட்டுக்குள், புகைபோக்கி இல்லாத அடுப்பில், கரும்புகை கக்கும் நிலக்கரியை எரித்துச் சமைத்தார்கள். புகைபோக்கி வைத்த வீடுகளில் பிற்பாடு நோய் குறைந்தது.

சிலியின் அன்டோஃபகாஸ்டா நகரத்தில் காரணம் காற்றே இல்லை, குடிதண்ணீர். 1958 முதல் 1970 வரை ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் மிகுந்த ஆற்று நீரைக் குடித்தார்கள். தண்ணீரைச் சுத்திகரிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அங்கே நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் கூடிக்கொண்டே இருந்தன.

அப்புறம் ரேடான். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியத்திலிருந்து கசிந்து, தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் சேரும் வாயு. நிறமும் மணமும் கிடையாது. நாட்டுக்கு நாடு மாறினாலும், நுரையீரல் புற்றுநோயில் 3 முதல் 14 சதவீதம் இதனால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிக்காற்று மாசையும் 2013-இல் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வேலை, டீசல் புகை, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தது, இவையும் கணக்கில் வரும். கல்நார் வேலையோடு சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

அந்த அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டேன். சிறு வயதில் புகை மண்டிய அடுப்படி. அப்பா வீட்டுக்குள்ளேயே புகைப்பாராம். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.

புகைப்பவர்களுக்கு: லைட் சிகரெட் என்று ஏமாறாதீர்கள். வைட்டமின் மாத்திரை காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள். ஃபின்லாந்தில் புகைப்பவர்களுக்கு, உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கூடத்தான் செய்தது. விட்டுவிடுங்கள். விட்டு 10 வருடம் ஆனால் இந்த நோயால் சாகும் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகிறது. நீண்ட காலம் புகைத்த, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் குறைந்த கதிர்வீச்சு சி.டி. பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டுக்குள் புகைக்கவே கூடாது, ஜன்னலோரமாக நின்றும் கூடாது.

எல்லோருக்கும்: மூன்று வாரத்துக்கு மேல் இருமலா, சளியில் ரத்தமா, காரணமில்லாமல் எடை குறைகிறதா? தயவுசெய்து இன்னொரு பாட்டில் மருந்து வாங்காதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, இருமலும் நிற்கவில்லை என்றால் திரும்ப வாருங்கள். சின்னக் கட்டி அதில் தெரியாமல் போகும். பழைய எக்ஸ்ரே வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாமல் எடுத்து வாருங்கள். இன்று தெரிகிற புள்ளி போன வருடமே இருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு அதைவிட உதவி வேறில்லை.