ஏக்கருக்கு எத்தனை டாங்கி?

பரந்தனிலோ விசுவமடுவிலோ ஒரு பயிர் மருந்துக்கடை வாசலில் நின்று, "ஏக்கருக்கு எத்தனை டாங்கி அடிக்கிறீங்கள் அண்ணை?" என்று கேட்டுப் பாருங்கள். டாங்கி என்பது மருந்தடிக்கும் மெசினின் தண்ணீர்த் தொட்டி. ஒருவர் நாலு என்பார், பக்கத்தில் நிற்பவர் எட்டு என்பார். மருந்து ஒன்று, டாங்கிக்கு ஊற்றும் மூடிக் கணக்கும் ஒன்று என்றால், இரண்டாமவரின் வயலுக்கு இரண்டு மடங்கு மருந்து போகிறது.

போத்தலில் ஏக்கருக்கோ ஹெக்டேயருக்கோ இவ்வளவு மில்லி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதை டாங்கிக் கணக்காக மாற்ற மூன்று விசயம் தெரியவேண்டும்: நொசிலால், அதாவது மருந்து விசிறும் முனையால், நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு வேகமாக நடக்கிறோம், ஒரு நடையில் எவ்வளவு அகலம் நனைகிறது.

முதலில் நொசில். டாங்கியில் வெறும் தண்ணீர் விட்டு, வழக்கமான கையடியோடு ஒரு நிமிடம் அளவுச்சாடிக்குள் பிடியுங்கள். சர்வதேச நிறக் குறியீட்டின்படி மஞ்சள் நொசில் 3 பார் அமுக்கத்தில் நிமிடத்துக்கு 0.8 லீற்றர் விடும், நீலம் 1.2 லீற்றர். கைமெசினில் பொதுவாக அமுக்கம் அதைவிடக் குறைவு, ஆகவே அந்த எண் அப்படியே வராது. அதே வகைப் புது நொசில் ஒன்றை மாட்டி, அதே கையடியில் இன்னொரு நிமிடம் பிடித்து ஒப்பிடுவதுதான் நல்லது. பழையது 10 சதவீதத்துக்கு மேல் கூட விட்டால் துளை தேய்ந்துவிட்டது. கண்ணுக்கு அது தெரியாது. குளத்து நீரின் மண்ணும் தூள் மருந்தும் மெல்ல மெல்ல அராவும். அடைப்பெடுக்கக் கம்பியால் குத்துவது அதைவிட மோசம், ஒரே குத்தில் துளையின் வடிவம் போய்விடும். பழைய பல் பிரஷ் போதும். வாயால் ஊதவே கூடாது.

நெல் காயவிடும் சீமெந்துத் தளத்தில் வெயில் நேரம் பக்கம் பக்கமாக, ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படிய, இரண்டு மூன்று கோடு தண்ணீர் அடித்துவிட்டு நின்று பாருங்கள். நல்ல விசிறி நொசில் என்றால் எல்லாம் ஒரே சீராகக் காயும். தேய்ந்ததென்றால் ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஈரம் நிற்க, ஓரம் முதலில் வெளுத்துவிடும்.

கூட வேணும் என்று சிலர் கைபிடியை வேகமாக அடிப்பார்கள். அதில் பெரிய பலனில்லை. நீர் வெளியேறும் அளவு அமுக்கத்தின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். இரட்டிப்பாக வேண்டுமென்றால் அமுக்கம் நாலு மடங்காக வேண்டும். அதோடு துளிகளும் சிறுத்துப்போகின்றன. துளியின் விட்டம் பாதியானால் ஒரு துளி எட்டாகும், அந்தப் பொடித்துளிகளைக் காற்று கொண்டுபோகும். சிறுபோகத்தில் சோளகம் வீசும்போது வயலுக்கு அடித்த எம்.சி.பி.ஏ களைகொல்லி பக்கத்துக் காணித் தக்காளியைச் சுருட்டுவது இப்படித்தான். அகன்ற இலைப் பயிருக்கு அது கொஞ்சம் பட்டாலே போதும்.

சரி, இப்போது வயலுக்கு வருவோம். நடை வேகமும் நனையும் அகலமும் இங்கே ஒன்றாகவே கணக்கில் வந்துவிடும். பத்துக்குப் பத்து மீற்றர் அளந்து நாலு தடி நடுங்கள். றோட்டில் நடக்கும் நடை உதவாது, சேற்றில் நடக்கும் நடையிலேயே வெறும் தண்ணீரை அடியுங்கள். பிறகு டாங்கியைப் பழைய மட்டத்துக்கு நிரப்ப எவ்வளவு தண்ணீர் போகிறதென்று பாருங்கள். 2 லீற்றர் என்றால், ஒரு ஏக்கர் 4047 சதுர மீற்றர், ஆக 81 லீற்றர். 16 லீற்றர் டாங்கியில் ஐந்து. ஏக்கருக்கு 400 மில்லி என்ற மருந்தானால் டாங்கிக்கு 80 மில்லி. அதே மெசினில் நொசில் தேய்ந்து 2 லீற்றர் 2.5 ஆனால் ஏக்கருக்கு ஆறேகால் டாங்கி போகும். 80 மில்லியையே தொடர்ந்து ஊற்றினால் வயலுக்கு 500 மில்லிக்கு மேல் போய்விடும். 2021 இல் இலங்கையில் பசளை, பயிர் மருந்து இறக்குமதித் தடை வந்தபோது மருந்துக்கு அலைந்தவர்களுக்கு அந்த 100 மில்லியின் அருமை தெரியும்.

பற்றரி மெசினில் இன்னொரு சிக்கல். சார்ஜ் இறங்க இறங்க அமுக்கமும் இறங்கலாம், அதனால் முதல் டாங்கியிலும் கடைசி டாங்கியிலும் சாடியில் பிடித்துப் பாருங்கள். கூலிக்கு அடிக்க வருபவர் தன் மெசினோடு வந்தாலும் திரும்ப அளக்கத்தான் வேண்டும். அவருடைய நடை வேறு, நொசிலும் வேறு. உங்கள் 80 மில்லிக் கணக்கு அவருக்குப் பொருந்தாது.