வடிவமைப்பை ஓட்டுக்கு விடாதீர்கள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் எழுதும் ஓப்பன் சோர்ஸ் நிரல்களைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன். கடைசியாக வந்தது காசிமேட்டு மீன் ஏலத்துக்கான பில் ஆப். கிலோவுக்கு ஒரு கட்டம், கூடைக்கு ஒரு கட்டம், இரண்டில் எது வேண்டும் என்று கேட்க ஒரு செட்டிங்ஸ் பக்கம். ஏன் என்றேன். "குரூப்ல போல் போட்டோம் சார், பாதிக்குப் பாதி ஓட்டு. அதான் ரெண்டையும் வச்சிட்டோம்." ஏலத்தில் ஈரக்கையோடு நிற்கிறவர் செட்டிங்ஸைத் தேடிக்கொண்டா இருப்பார்? அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை குழுவுக்குத்தான் இதையே சொல்வது!

ஓப்பன் சோர்ஸ் என்றால் எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்று யார் சொன்னது? உரிமம் தருவது நிரலைப் படிக்க, மாற்ற, பிறருக்குக் கொடுக்க உரிமை. உங்கள் யோசனையை மூலத் திட்டத்தில் சேர்த்தே ஆகவேண்டும் என்று ஜிபிஎல் உரிமத்திலும் இல்லை, எம்ஐடி உரிமத்திலும் இல்லை. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள நிரலைப் பாருங்கள். நிரல் பொதுச்சொத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியார் அனுப்பும் பேட்சை, அதாவது நிரல் திருத்தத்தை, அதை எழுதுபவர்கள் பொதுவாக ஏற்பதில்லை.

ஓட்டு வேண்டும் என்பவர்கள் உடனே டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தைக் காட்டுவார்கள். ஆமாம், அங்கே ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் நடக்கிறது. ஆனாலும் அதிலுள்ள ஒரு பேக்கேஜின் (மென்பொருள் தொகுப்பின்) அன்றாட முடிவுகள் அதைப் பராமரிப்பவர் கையில்தான். பைத்தான் நிரல்மொழியில் அதை உருவாக்கிய கீடோ வான் ராசம் சொன்னதே 2018 வரை இறுதி. பெப் 572 என்ற மொழி மாற்ற முன்மொழிவு பற்றிய சண்டையில் களைத்து விலகினார், வாரிசை நியமிக்கவில்லை. இனி யார் முடிவெடுப்பது என்று தீர்க்கவே மாதங்கள் ஆயின. 2019-ல் 5 பேர் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்கத்தான் ஓட்டுப் போட்டார்கள், ஒவ்வொரு அம்சத்துக்கும் அல்ல.

ஆகவே, வடிவமைப்பில் கடைசி வார்த்தை யாருடையது என்று முதல் நாளே ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் எழுதுங்கள். அவர் ஒதுங்கினால் அடுத்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். அட்மின் உரிமையை ஒரே ஆளிடம் விடாதீர்கள். பெரிய மாற்றம் என்றால் நிரல் எழுதும் முன்பே கேளுங்கள், எழுதிக் கொண்டுவந்து சண்டை போடாதீர்கள். முடிவு ஒத்துவரவே இல்லையென்றால் ஃபோர்க் செய்யுங்கள், அதாவது நிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாக நடத்துங்கள். அது துரோகம் இல்லை. 2014-ல் விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரிலிருந்து நியோவிம் அப்படித்தான் பிரிந்தது, இரண்டும் இன்றும் ஓடுகின்றன.

முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களே, வேண்டாம் என்றால் காரணத்தோடு சொல்லுங்கள். முதல் பேட்ச் அனுப்பிய பிள்ளையை மாதக்கணக்கில் பதிலுக்குக் காக்க வைக்காதீர்கள்.