துணி விளம்பரத்துக்கு எந்த அச்சு? முதலில் இழையைப் பாருங்கள்

விளம்பரத் துணி அச்சிடும் தொழிலில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன். "எங்கள் ஷோரூமுக்கு எந்த அச்சு நல்லது?" என்று நீங்கள் ஓர் அச்சகத்தில் கேட்டால், அந்த அச்சகத்தில் எந்த இயந்திரம் நிற்கிறதோ அதுதான் நல்லது என்ற பதிலே பெரும்பாலும் வரும். யுவி (புறஊதா ஒளியில் மையை இறுக்கும்) இயந்திரம் வாங்கி மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர், "இதற்கு சப்ளிமேஷன் முறைதான் சரி, பக்கத்துத் தெருவில் கேளுங்கள்" என்று உங்களை அனுப்பிவைக்க மாட்டார். அதில் ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. கையில் இருப்பதைக் கொண்டு வேலையை முடித்துத் தருவதுதான் அவருடைய பிழைப்பு. ஆகவே, தெரிந்துகொண்டு போக வேண்டியவர் வாங்குபவர்தான்.

பிளெக்ஸ் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. பொருள் ஒன்று, மை ஒன்று; சதுர அடி என்ன விலை என்று கேட்டால் போதும். துணிக்கும் அதே பழக்கத்தோடு வருகிறோம். ஆனால் மேசையில் விரித்துப் போட்ட வெள்ளைத் துணி பாலியெஸ்டராக இருக்கலாம், பருத்தியாக இருக்கலாம், இரண்டும் கலந்ததாக இருக்கலாம், மேலே பூச்சு கொடுத்ததாகவும் இருக்கலாம். கண்ணுக்கு நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். மைக்கு நான்கும் வேறு.

சப்ளிமேஷன் பாலியெஸ்டருக்கான முறை. டிஸ்பர்ஸ் வகைச் சாயத்தை முதலில் காகிதத்தில் அச்சிடுகிறோம். பிறகு காகிதத்தையும் துணியையும் ஒன்றாகச் சேர்த்து, கேலண்டர் எனப்படும் சூடான உருளையில், ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓட்டுகிறோம். அந்தச் சூட்டில் சாயம் உருகாமல் நேராக ஆவியாகிறது. பாலியெஸ்டர் இழையும் அதே சூட்டில் இளகி ஆவியை உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஆறியதும் நிறம் இழைக்குள் அடைபட்டுவிடுகிறது. மேலே படலம் எதுவும் இல்லாததால் உரிவதற்கு ஒன்றும் இல்லை. துணியைத் தொட்டால் துணியாகவே இருக்கும். துவைக்கலாம், மடிக்கலாம், சுருக்கம் விழுந்தால் நீராவி காட்டினால் போய்விடும்.

கரூரிலிருந்து ஆண்டுதோறும் ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகும் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியாளர்களுக்கு இது பெரிய வசதி. பத்துக்கு எட்டு அடி பின்திரை என்பது 80 சதுர அடி, அதாவது சுமார் ஏழரை சதுர மீட்டர். 340 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) பிளெக்ஸில் அது இரண்டரை கிலோ வரும். 220 ஜிஎஸ்எம் துணியில் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். எடையில் மிச்சம் ஏறக்குறைய ஒரு கிலோதான். பிளெக்ஸை உருட்டிக் குழாயில் போட்டுத் தனிச் சாமானாக ஏற்ற வேண்டும், துணியோ மடித்துச் சட்டைகளுக்கு நடுவே வைத்தால் போய்ச் சேர்ந்துவிடும். உண்மையான லாபம் அங்கேதான்.

சப்ளிமேஷனுக்கு எல்லைகளும் உண்டு. பருத்தியில் இந்தச் சாயம் நிற்காது. கலப்புத் துணியில் பாலியெஸ்டர் பங்கு மட்டும் நிறம் பிடிக்கும், மீதி வெளிறித் தெரியும். வெள்ளை மை கிடையாது, துணியின் வெள்ளைதான் படத்தின் வெள்ளை. ஆகவே கறுப்பு, சிவப்புத் துணிகளில் இதை அச்சிட முடியாது. காகிதத்தில் இருக்கும்போது நிறங்கள் செத்துப்போய்த் தெரியும், கறுப்பு சாம்பல் மாதிரி இருக்கும். அச்சாகும்போது பார்க்க வேண்டும் என்று நேரில் வந்து நிற்கும் வாடிக்கையாளர்களில் இதைக் கண்டு பதறாதவர்கள் குறைவு. கேலண்டரைத் தாண்டி வரும் வரை பொறுத்திருக்கச் சொல்வது எங்கள் அன்றாட வேலைகளில் ஒன்று.

இன்னொரு விஷயம் சுருக்கம். அந்த வெப்பத்தில் துணி கொஞ்சம் சுருங்கும். எவ்வளவு என்பது நெசவா பின்னலா என்பதையும், ஆலையில் வெப்பத்தில் நிலைப்படுத்தினார்களா என்பதையும் பொறுத்தது. ஒரு சதவீதம் என்றாலும் மூன்று மீட்டர் அகலத்தில் மூன்று சென்டிமீட்டர். தொங்கவிடும் பேனரில் அதை யாரும் கவனிக்கப் போவதில்லை. சட்டத்தில் இழுத்துப் பொருத்தும் துணியில் அந்த மூன்று சென்டிமீட்டர்தான் எல்லாம்.

நகைக்கடை, பட்டுக்கடை, செல்போன் ஷோரூம் என்று எங்கும் இப்போது பார்க்கிற ஒளிப்பெட்டிகள் அப்படிப்பட்டவைதான். அலுமினியச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கும். துணியின் நான்கு ஓரத்திலும் சிலிகான் பட்டை தைத்து, அதை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்திவிட்டால் துணி மத்தளத் தோல்போல விறைத்து நிற்கும், உள்ளிருந்து எல்இடி எரியும். துணி அளவு கொஞ்சம் பெரிதானால் தொய்வு. கொஞ்சம் சிறிதானால் மூலை வந்து சேராது. அச்சகம் எவ்வளவு நல்ல இயந்திரம் வைத்திருந்தாலும், தைப்பவர் கை சரியில்லை என்றால் ஒளிப்பெட்டி பாழ். அச்சின் மாதிரியைக் கேட்பவர்கள் தையலின் மாதிரியைக் கேட்பதே இல்லை.

ஒளிப்பெட்டியில் வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. சாதாரண அறை வெளிச்சத்தில் அழகாகத் தெரியும் அச்சு, பின்னால் விளக்கு எரிந்ததும் வெளுத்துப்போகும். அதனால் ஒளிப்பெட்டிக்கு அச்சிடும்போது மையின் அடர்த்தியைக் கூட்ட வேண்டும், நிறக் கணக்கையும் தனியாகப் போட வேண்டும். மாதிரித் துண்டை மேசையில் விரித்துக் காட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். விளக்கு எரியும் பெட்டிமேல் போட்டு, பகலில் விளக்கை அணைத்து ஒரு முறை, எரியவிட்டு ஒரு முறை பாருங்கள். தங்க நகைப் படத்தில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்: அணைத்தால் பித்தளை, எரிந்தால் எலுமிச்சை.

யுவி அச்சில் மை இழைக்குள் போவதில்லை. புறஊதா விளக்கு பட்ட மாத்திரத்தில் துணியின் மேலேயே இறுகிப் படலமாகிவிடுகிறது. பலம் பலவீனம் இரண்டும் இதிலிருந்தே வருகின்றன. படலம் என்பதால் எந்தத் துணியிலும் நிற்கும். வெள்ளை மை உண்டு. காயக் காத்திருக்க வேண்டாம். வெயிலைத் தாங்குவதிலும் பொதுவாக சப்ளிமேஷனைவிட மேல். ஆனால் மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழலாம். இழுத்துப் பொருத்தும் பின்னல் துணியில் படலம் விரிந்து, பின்னாலிருந்து வெளிச்சம் வந்ததும் நுண்ணிய ஊசித் துளைகளாகத் தெரியலாம். வளையும் தன்மையுள்ள யுவி மைகள் வந்த பிறகு இது குறைந்திருக்கிறது, முற்றிலும் போய்விடவில்லை. சரியாக இறுகாத அச்சில் ஒரு வாடையும் இருக்கும். ஒரே இடத்தில் மாட்டி, கழற்றாமல் வைத்திருக்கும் விளம்பரத்துக்கு யுவி போதும். மாதா மாதம் கழற்றி மாட்டி, ஊர் ஊராகக் கொண்டு போவதற்கு நான் சொல்ல மாட்டேன்.

லேட்டக்ஸ் இரண்டுக்கும் நடுவே நிற்பது. எச்பி நிறுவனம் 2008-இல் சந்தைக்குக் கொண்டுவந்த நீர் சார்ந்த மை. நீர் ஆவியானதும் மையிலுள்ள பாலிமர் துகள்கள் சூட்டில் ஒன்றுசேர்ந்து நிறத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வாடை மிகக் குறைவு என்பதால் மருத்துவமனை, பள்ளி, உணவகம் போன்ற இடங்களுக்குத் தயங்காமல் எடுக்கலாம். ஒரே இயந்திரத்தில் வினைல், காகிதம், துணி எல்லாம் ஓட்டலாம் என்பதால் சிறு அச்சகங்களுக்கு இது பிடிக்கும். துணியில் சப்ளிமேஷன் தரும் மென்மையும் ஆழமும் இதில் வராது. நகத்தால் அழுத்திக் கீறினால் தடம் விழக்கூடும். இடைவெளி அதிகமுள்ள துணியில் மை கீழே ஒழுகும் என்பதால் பூச்சு கொடுத்த துணியோ, கீழ்த்தாள் ஒட்டிய துணியோ வேண்டும். அந்தக் கூடுதல் விலையை விலைப்பட்டியலில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பருத்தி வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் இப்போது அதிகம். கேரளத்தில் 2019 ஆகஸ்டில் பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிளெக்ஸைத் தடை செய்ததும் பருத்தித் துணி பேனர்களுக்கு அங்கே தேவை கூடியது. பருத்திக்கு பிக்மென்ட் மைதான் நடைமுறைக்கு ஒத்துவரும்: பசையோடு சேர்ந்து இழையின் மேல் நிற்கும், சூட்டில் இறுகும். ஈரக் கையால் அழுத்தித் தேய்த்தால் கொஞ்சம் நிறம் வரும், நிறங்களில் பளபளப்பும் குறைவு. இழையோடு வேதியியலாகப் பிணையும் ரியாக்டிவ் சாயம் பருத்திக்கு அருமையானது. ஆனால் முன்பூச்சு, ஆவி, கழுவல் என்று இத்தனை நீர் செலவழித்து, நான்கு நாள் தொங்கும் பேனர் செய்வதில் அர்த்தமில்லை. ஒரே டிசைனில் ஆயிரக்கணக்கில் கட்சிக் கொடி வேண்டும் என்றால் டிஜிட்டலே வேண்டாம், ஸ்கிரீன் பிரிண்டிங்தான் இன்றைக்கும் மலிவு.

ஒன்று சொல்லியாக வேண்டும். துணி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. பாலியெஸ்டரும் பிளாஸ்டிக்தான். பிவிசியைவிட மேல் என்று வாதாடலாம், திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று சொல்லலாம். மக்கும் என்று சொல்லக் கூடாது. "பருத்தி" என்று சொல்லி பாலியெஸ்டரை விற்பவர்களும் உண்டு. ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மென்சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் சேர்ந்து தெரியும்.

வெளியில் நிற்கும் கொடி வகைகளுக்குத் தனிக் கணக்கு. நெடுஞ்சாலை உணவகங்கள், பெட்ரோல் பங்க் வாசல்களில் இறகு வடிவக் கொடிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை 110 ஜிஎஸ்எம் அளவிலான பின்னல் பாலியெஸ்டர். பின்பக்கத்திலும் படம் தெரிய வேண்டும் என்றால் காகிதம் வழியாக மாற்றாமல் துணியிலேயே நேராக அச்சிட்டுச் சூடேற்றும் முறையைக் கேளுங்கள். சாயம் ஆழமாக இறங்கும், விளிம்புக் கூர்மை சற்றுக் குறையும். எழுத்து பின்னால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறித்தான் தெரியும், அதற்கு மருந்து இரட்டைத் துணிதான். மதுரை, திருச்சி வெயிலில் சப்ளிமேஷன் நிறம் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிறங்கள் ஒரே வேகத்தில் வெளிறுவதும் இல்லை. அதனால் முகங்களின் நிறம்தான் முதலில் விகாரமாகும். சாயத்தின் வெயில் தாங்கும் திறனை 1 முதல் 8 வரையான நீலக் கம்பளி அளவுகோலில் அளப்பார்கள். வெளியில் வைப்பதற்கு என்றால் அந்த எண்ணைக் கேளுங்கள். காற்றில் முதலில் கிழிவது கொடியின் வெளி ஓரம், அங்கே இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள்.

தீத்தடுப்பு பற்றிக் கடைசி நேரத்தில்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. ஜெர்மன் கண்காட்சி அரங்குகளில் டிஐஎன் 4102 பி1 அல்லது அதற்கு இணையான ஐரோப்பியச் சான்று கேட்பார்கள், அமெரிக்காவில் என்எஃப்பிஏ 701. நம் ஊர் விமான நிலையங்களும் பெரிய வணிக வளாகங்களும்கூடக் கேட்கின்றன. துணி ஆலையிலேயே தீத்தடுப்பு செய்து வர வேண்டும். அச்சிட்ட பிறகு மேலே மருந்து தெளித்துத் தருகிறேன் என்பதை ஏற்காதீர்கள். சான்றிதழில் உள்ள துணியின் பெயரும் ஜிஎஸ்எம்மும் உங்கள் ரசீதில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள். அச்சிடாத துணிக்கு வாங்கிய சான்று, கனமான யுவி படலம் ஏற்றிய துணிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பெரிய ஆர்டர் கொடுக்கும் முன் ஓரடிச் சதுரத்தில் மாதிரி வாங்கி, இரண்டாக மடித்து, கனமான பொருளை ஓர் இரவு மேலே வைத்துப் பாருங்கள். ஈர வெள்ளைத் துணியால் கறுப்புப் பகுதியைத் தேயுங்கள். நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே காட்டுங்கள். எவ்வளவு டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை மைப்புள்ளிகள்) என்று கேட்பதைவிட இவை அதிகம் சொல்லும். பத்தடி தள்ளி நின்று பார்க்கும் விளம்பரத்தில் டிபிஐ பெருமை பெரும்பாலும் விற்பனைப் பேச்சு.

ஒளிப்பெட்டி வாங்குபவர்களுக்கு மட்டும் ஒன்று. சட்டம் பல ஆண்டு இருக்கும், துணியைப் பண்டிகைக்குப் பண்டிகை மாற்றுவீர்கள். முதல் ஆர்டரிலேயே தைத்து முடித்த துணியின் இறுதி அளவு, சிலிகான் பட்டையின் அகலமும் தடிமனும், துணியின் பெயர், ஜிஎஸ்எம் ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள். அந்தத் தகவல் அச்சகத்திடம் மட்டும் இருந்தால், அடுத்த தீபாவளிக்கு அவர் சொல்லும் விலையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.