‘அப்ரூவல் ரேட்டிங்’: ஒப்புதலா, ஏற்பா?

போன வாரம் இரவுச் செய்தியில், “போர் நீடித்துவரும் நிலையில் அமெரிக்க அதிபரின் ஒப்புதல் மதிப்பீடு சரிந்துள்ளது” என்று வாசித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்து, “ஏம்பா, அந்த ஊர்ல ஜனங்ககிட்ட ஒப்புதல் வாங்கிட்டுத்தான் சண்டைக்குப் போவாங்களா?” என்று கேட்டார்.

அத்தை கேட்டதில் தவறே இல்லை. தமிழ் தெரிந்த எவரும் அந்த வாக்கியத்தை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தின் ‘அப்ரூவல் ரேட்டிங்’கை மொழிபெயர்த்த இந்த ‘ஒப்புதல் மதிப்பீடு’ பல வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடுவேன். அத்தை கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பொருள். அமெரிக்காவில் ஜார்ஜ் கேலப் 1935இல் கருத்துக்கணிப்பு நிறுவனம் தொடங்கினார். ரூஸ்வெல்ட் காலத்திலேயே அதிபரைப் பற்றி மக்களிடம் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ட்ரூமன் காலத்தில் அந்தக் கேள்விக்கு நிலையான வடிவம் வந்தது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “அதிபர் தம் பொறுப்பைக் கையாளும் விதம் உங்களுக்கு ஏற்புடையதா, இல்லையா?” ஏற்புடையது என்று சொன்னவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் ‘அப்ரூவல் ரேட்டிங்’. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. யாரும் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை.

சொல்லின் பிறப்பும் சிக்கலானதல்ல. லத்தீனில் ‘ப்ரோபுஸ்’ என்றால் நல்லது. அதிலிருந்து ‘ப்ரொபாரே’, சோதித்துப் பார்த்து நல்லதென்று காணுதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ப்ரூவ்’ என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். ஆங்கிலத்துக்கு வந்தபின் சொல் இரண்டு தடத்தில் போனது. வெறும் ‘அப்ரூவ்’ என்றால் அதிகாரம் உள்ளவர் இசைவு தருவது. பக்கத்தில் ‘ஆஃப்’ சேர்ந்து ‘அப்ரூவ் ஆஃப்’ ஆனால், ஒன்றை நல்லதென்று கருதுவது. மருமகளை மாமியாருக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு இரண்டாவதைச் சொல்வார்கள். மாமியார் அங்கே எந்தக் கோப்பிலும் முத்திரை குத்துவதில்லை.

நம் ஊருக்கு முதல் தடம்தான் வந்து சேர்ந்தது. மனை அப்ரூவல், லோன் அப்ரூவல், பிளான் அப்ரூவல். போதாக்குறைக்கு நீதிமன்றத்தில் ‘அப்ரூவர்’ வேறு: குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரே மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல முன்வந்தால், அப்ரூவராக மாறினார் என்று எழுதுகிறோம். கருத்துக்கணிப்பின் ‘அப்ரூவல்’ இரண்டாவது தடத்தைச் சேர்ந்தது. மொழிபெயர்ப்பவர் அகராதியைத் திறந்து முதல் வரியில் இருந்த ‘ஒப்புதல்’ என்பதை எடுத்துக்கொண்டார். இரண்டாவது வரிக்குக் கண் போகவில்லை.

சரி, ஒப்புதல் என்றால் தமிழில் என்ன? ‘ஒ’ என்ற வேருக்கு ஒத்திருத்தல் என்று பொருள். ஒப்பு, ஒப்புமை, ஒப்பீடு எல்லாம் அதன் பிள்ளைகள். ஒத்துப்போவதிலிருந்து இசைவது, அதிலிருந்து ‘ஆம்’ என்று ஒப்புக்கொள்வது. இன்றைய எழுத்துத் தமிழில் ஒப்புதலுக்கு இரண்டு வேலைதான் உண்டு. ஒன்று, செய்த குற்றத்தை ஒத்துக்கொள்வது: ஒப்புதல் வாக்குமூலம். இன்னொன்று, மேலே இருப்பவர் கீழே இருந்து வந்ததற்கு இசைவு தருவது: மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல், அமைச்சரவை ஒப்புதல், குடியரசுத் தலைவர் ஒப்புதல்.

கடைசி உதாரணத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ‘குடியரசுத் தலைவர் ஒப்புதல்’ என்றால் ஒப்புதல் தருபவர் குடியரசுத் தலைவர். தினம் தினம் நாளிதழில் அப்படிப் படித்துப் பழகிய கண்ணுக்கு ‘அதிபரின் ஒப்புதல்’ என்று எழுதிக் காட்டினால் என்ன தோன்றும்? அதிபர் எதற்கோ ஒப்புதல் தருகிறார் என்றுதான் தோன்றும். மக்கள் அதிபரைப் பற்றி நினைப்பதைச் சொல்ல வந்த தொடர், அதிபர் செய்வதைச் சொல்லும் தொடராகத் திசை மாறிவிடுகிறது. அதிலே ‘சரிவு’ என்ற சொல்லையும் சேர்த்தால் ஒன்றுமே புரியாது. (இலங்கைத் தமிழர்களுக்கு இன்னொரு தடுமாற்றமும் உண்டு. அங்கே அதிபர் என்றால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், நாட்டுத் தலைவர் ஜனாதிபதி.)

வெறும் நடைக் குறையாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் போர் பற்றிய செய்தியில் இது உண்மையையே கலைத்துவிடுகிறது. ஏனென்றால் அங்கே உண்மையான ‘ஒப்புதல்’ ஒன்று தனியாக இருக்கிறது. அதைத் தர வேண்டியது அமெரிக்க நாடாளுமன்றம், அதாவது காங்கிரஸ்.

வியட்நாமை எடுத்துக்கொள்வோம். அங்கே படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தந்த டோன்கின் வளைகுடாத் தீர்மானம் 1964 ஆகஸ்ட் 7 அன்று காங்கிரஸில் நிறைவேறியது. கீழவையில் ஆதரவு 416, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. செனட்டில் 88க்கு 2. எதிர்த்த இருவர் வெய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் க்ரூனிங்கும். அப்போதைய அதிபர் ஜான்சனுக்குக் கிடைத்த ஒப்புதல் இதுதான். இந்த ஒப்புதல் விழுக்காட்டுக் கணக்கில் சரிவதில்லை. ஒருமுறை தந்தால் தந்ததுதான், திரும்பப் பெறும்வரை இருக்கும். 1971 ஜனவரியில்தான் அந்தத் தீர்மானத்தை நீக்கினார்கள். அதற்குள் ஜான்சன் பதவியை விட்டுப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மக்களின் எண்ணம் அப்படி இல்லை, மாதத்துக்கு மாதம் கரைந்தது. கென்னடி கொல்லப்பட்டதும் பதவிக்கு வந்தபோது ஜான்சன் செய்வது சரி என்றவர்கள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். 1968 ஜனவரி கடைசியில், ‘டெட்’ எனும் வியட்நாமியப் புத்தாண்டையொட்டி எதிரணி நடத்திய டெட் தாக்குதல். தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே அவர்கள் நுழைந்துவிட்டார்கள். போர் முடியப்போகிறது என்று சொல்லிவந்த அரசின் பேச்சை அதன் பிறகு நம்புவது கடினமானது. மார்ச்சில் அந்த எண் 36க்கு வந்தது. மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்வில், ஜான்சனின் சொந்தக் கட்சிக்காரரும் போரை எதிர்த்தவருமான யூஜின் மெக்கார்த்தி 42 விழுக்காடு வாக்கு வாங்கினார். மார்ச் 31 அன்று, மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். இத்தனைக்கும் காங்கிரஸின் ஒப்புதல் அப்படியே செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. இப்போது ‘ஜான்சனின் ஒப்புதல் சரிந்தது’ என்று எழுதினால் எந்த ஒப்புதல் என்று வாசகர் எடுத்துக்கொள்வார்?

கொரியப் போரில் இதன் மறுபக்கம். ட்ரூமன் 1950இல் காங்கிரஸின் ஒப்புதலைக் கேட்கவே இல்லை. ஐ.நா. பெயரில் நடக்கும் காவல் நடவடிக்கை என்று சொல்லிப் படையை அனுப்பினார். ஒப்புதல் இல்லாமல் நடந்த போர் அது. 1945இல் 87 விழுக்காட்டினர் மெச்சிய அதே ட்ரூமனை 1952 பிப்ரவரியில் ஏற்றவர்கள் வெறும் 22 விழுக்காட்டினர். கேலப் கணக்கில் இன்றுவரை எந்த அதிபரும் அதற்குக் கீழே போனதில்லை. ட்ரூமனுக்கு ஒப்புதலே இல்லை, ஒப்புதல் 22 விழுக்காடு என்று இரண்டையும் ஒரே சொல்லால் எழுத முடியுமா? இந்த இடத்தில் ‘ஒப்புதல் மதிப்பீடு’ உடைந்துபோகிறது. இதற்கு மேல் வேறு சான்று தேவையில்லை என்பது என் கருத்து.

இன்னும் ஒரு கலப்படம் உண்டு. அதிபரை ஏற்காதவர்கள் எல்லாரும் போரை எதிர்ப்பவர்கள் என்று ‘மக்கள் ஒப்புதல்’ நினைக்க வைக்கிறது. அப்படி இல்லை. 1951 ஏப்ரலில் ட்ரூமன், கொரியப் போரின் தளபதி ஜெனரல் மெக்ஆர்தரைப் பதவியிலிருந்து நீக்கினார். சீனாமீதே போரை விரிவாக்க வேண்டும் என்றவர் மெக்ஆர்தர். அவரை நீக்கியதற்காக ட்ரூமன்மேல் கோபப்பட்டவர்களில் பலருக்குப் போர் போதவில்லை என்பதுதான் குறை. நியூ ஹாம்ப்ஷயரில் மெக்கார்த்திக்கு வாக்களித்தவர்களை ஆராய்ந்தபோதும், ஜான்சன் இன்னும் கடுமையாகப் போரிடவில்லை என்ற கோபத்தில் வாக்களித்தவர்கள் நிறையப் பேர் இருந்தது தெரிந்தது. அதனால்தான் கேலப் போரைப் பற்றித் தனியாகக் கேட்டது: வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா? 1965 ஆகஸ்டில் தவறு என்றவர்கள் 24 விழுக்காடு, 1968 ஆகஸ்டில் 53. இதுவும் ‘அப்ரூவல்’ கேள்வியும் வேறு வேறு. நம் செய்திகளில் இரண்டுமே ‘ஒப்புதல்’ ஆகிவிடுகின்றன.

மாற்றுச் சொற்களில் ‘செல்வாக்கு’ நாளிதழ்களுக்குப் பிடித்தமானது. அழகான தமிழ்ச் சொல்தான், செல்லுபடியாகும் வாக்கு. ஆனால் அது ஒருவர் சொல்லுக்கு இருக்கும் பலம். காங்கிரஸில் ஜான்சனுக்கு இருந்தது செல்வாக்கு. 1965இல் முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேரையும் வாக்குரிமைச் சட்டத்தையும் அதை வைத்துத்தான் நிறைவேற்றினார். தெருவில் போகிறவரைக் கேட்டுச் செல்வாக்கை அளக்க முடியாது.

‘ஆதரவு’ பரவாயில்லை. தலைப்பில் இடமில்லாதபோது நானும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆதரவு என்றால் ஒருவர் பக்கம் நிற்பது, தேர்தல் வாடை அதில் வந்துவிடுகிறது. 1991இல் வளைகுடாப் போர் முடிந்த கையோடு மூத்த புஷ் செய்வது சரி என்றவர்கள் 89 விழுக்காடு. அடுத்த வருடத் தேர்தலில் அவருக்கு விழுந்த வாக்கு 37 விழுக்காட்டுச் சொச்சம். 89 பேரும் ஆதரவாளர்களாக இருந்தால் அவர் தோற்றிருக்க மாட்டார். போரை நடத்திய விதம் சரி என்று சொன்னார்கள், அவ்வளவுதான். அப்புறம் பொருளாதாரம் அவர்கள் கையைக் கடித்தது. ‘ஆதரவு’ என்ற சொல்லைப் போருக்கு வைத்துக்கொள்ளலாம், போருக்கு ஆதரவு, போருக்கு எதிர்ப்பு என்று.

அதிபருக்கு ‘ஏற்பு’. ஏல் என்பது வேர். ஏற்றல், ஏற்பு, ஏற்புடையது. “நீ சொல்வதை என்னால் ஏற்க முடியாது” என்று சொல்லும்போது நாம் அனுமதி மறுப்பதில்லை, சரியில்லை என்று தீர்ப்புச் சொல்கிறோம். கேலப் கேள்வியில் இருந்ததும் அந்தத் தீர்ப்புதான். எதிர்ப்பதத்துக்கும் சிரமம் இல்லை: ஏற்பு, ஏற்பின்மை. ‘பதவியேற்பு’ நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான், அதனால்தான் ‘அதிபர் ஏற்பு’ என்று மொட்டையாக எழுதக் கூடாது, ‘மக்கள் ஏற்பு’ என்றே எழுத வேண்டும். ‘ஏற்பது இகழ்ச்சி’ என்று ஔவை சொன்ன பிச்சைப் பொருளும் இந்தச் சொல்லுக்கு உண்டு. ஆனால் இன்று அந்தப் பொருளில் யாரும் பேசுவதில்லை.

‘மதிப்பீடு’ மட்டும் எதற்கு? ‘ரேட்டிங்’ என்ற சொல் வந்ததால் போடுகிறார்கள். மதிப்பீடு என்றால் கட்டடச் செலவுக்குப் பொறியாளர் போட்டுத் தருவது, விடைத்தாள் திருத்துவது. சிலர் ‘தரவரிசை’ என்றே எழுதிவிடுகிறார்கள். யாரோடு வரிசை? இங்கே இருப்பது ஒரு விழுக்காடு, அதை விழுக்காடு என்றே சொல்லலாம். அது குறையும்போதும் கவனம் வேண்டும். 50இலிருந்து 40க்கு வந்ததை ‘10 சதவீதம் சரிவு’ என்று எழுதுகிறார்கள். சரிந்தது 10 புள்ளி. சதவீதக் கணக்குப் போட்டால் அது 20. கருத்துக்கணிப்புச் செய்தி எழுதுகிறவர் இதைத் தெரியாமல் எழுதினால் வாசகர் எதை நம்புவது?

இயந்திர மொழிபெயர்ப்பு வந்தபின் நிலைமை மோசமாகிவிட்டது. முன்பு ஓர் உதவி ஆசிரியர் தவறு செய்தால் அந்த இதழோடு போகும். இப்போது ஒரே தவறு ஒரே நாளில் எல்லாத் திரையிலும் ஓடுகிறது. ஆறு மாதம் கழித்து, ‘எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்’ என்று அதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். தூய தமிழா கலப்புத் தமிழா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ‘ஒப்புதல்’ தூய தமிழ்தான். தூய தமிழ்ச் சொல் தவறான இடத்தில் உட்கார்ந்தால் ஆங்கிலச் சொல்லைவிட அதிகக் கேடு செய்யும், ஏனென்றால் புரிந்துவிட்டது என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். ‘அப்ரூவல் ரேட்டிங்’ என்று சொல்லியிருந்தால், அது என்ன என்றாவது அத்தை கேட்டிருப்பார்.

1968 வசந்தத்தைப் பற்றி நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “காங்கிரஸ் 1964இல் தந்த ஒப்புதல் நடப்பில் இருந்தபோதே, போருக்கான ஆதரவு தேய்ந்தது. ஜான்சனுக்கான மக்கள் ஏற்பு மார்ச்சில் 36 விழுக்காடாக இறங்கியது.” அத்தையிடம் இதை வாசித்துக் காட்டினேன். “அப்ப பெரியவங்க சரின்னாங்க, ஜனங்களுக்குப் பிடிக்கல” என்றார்.