இலை மஞ்சளானால் உரத்தைத் தேடாதீர்கள், வேரைப் பாருங்கள்

செடிகளுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் என் தொழில். யோசனை கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஓர் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வருவார்கள். இல்லையென்றால் செல்போனில் அதன் படம் இருக்கும். இலை மஞ்சள் பூத்திருக்கும், அல்லது ஓரம் கருகியிருக்கும். “இதுக்கு என்ன உரம் போடணும்?” என்பதுதான் முதல் கேள்வி. நான் தண்ணீரைப் பற்றி விசாரிப்பேன். “அதுல குறையே வைக்கிறதில்லைங்க, காலையும் சாயங்காலமும் தவறாம ஊத்திடுவேன்” என்று பெருமையாகச் சொல்வார்கள். பாதிச் சிக்கல் அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும்.

நான் பார்த்தவரையில், வீட்டுத் தொட்டிகளில் செடிகள் காய்ந்து சாவதைவிட ஈரத்தில் அழுகிச் சாவதே அதிகம். (செடியைக் கண்டுகொள்ளாதவர்கள் என்னைத் தேடி வருவதே இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.)

வேரும் மூச்சு விடுகிறது. இலை தயாரிக்கும் சர்க்கரை தண்டு வழியாகக் கீழே இறங்கி வேருக்கு வருகிறது. அதை எரித்துச் சக்தியாக்க வேருக்கு ஆக்ஸிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்னச் சந்துகளில் உள்ள காற்றிலிருந்துதான் அது கிடைக்கிறது. அந்தச் சந்துகளில் தண்ணீர் நிரம்பி நின்றுவிட்டால், ஆக்ஸிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைந்துவிடும். வேர் திணறும். திணறுகிற வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க, மேலே இலை தாகத்தில் துவண்டு தொங்கும். நாம் அதைப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்று இன்னொரு குவளை ஊற்றுவோம்.

மூச்சுத் திணறிய வேரை அடுத்து வந்து பிடிப்பவை பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிர்கள். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் இவை தனி வகை. இவற்றின் வித்துகளுக்கு வால் போன்ற இழைகள் உண்டு. மண்ணில் நிற்கும் தண்ணீரில் நீந்தியே வேரைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிப் பெரும் பஞ்சத்துக்கு வழிவகுத்ததும் பைட்டோப்தோரா பேரினத்தைச் சேர்ந்த ஒன்றுதான். அது இலையையும் கிழங்கையும் தாக்கியது. நம் தொட்டிகளில் அதன் உறவினர்கள் வேரிலிருந்து ஆரம்பிக்கின்றன.

துவண்ட செடியெல்லாம் வேரழுகல் கண்ட செடி என்றும் பயந்துவிட வேண்டாம். உச்சி வெயிலில் அகன்ற இலைச் செடிகள் தொங்கிப்போவது சகஜம். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை ஆவியாக்கும் வேகம் கூடிவிடுவதால் வருவது அது. சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். விடிகாலையில் போய்ப் பாருங்கள். அப்போதும் துவண்டே இருந்தால்தான் விஷயம் இருக்கிறது. மண்ணைத் தொட்டுப் பாருங்கள்: காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றலாம். ஈரமாக இருந்தும் துவண்டிருந்தால் தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டிய நேரம்.

கவிழ்ப்பதற்குத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். செடி செத்துவிடும் என்ற பயம். மண் தொட்டியோடு இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தால், தொட்டியின் பக்கங்களை லேசாகத் தட்டுங்கள். தண்டின் அடியை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து, உள்ளங்கையால் மண்ணைத் தாங்கிக்கொண்டு தலைகீழாகச் சாய்த்தால், தொட்டியின் வடிவத்திலேயே மண்கட்டி வழுக்கி வெளியே வரும். பார்த்துவிட்டு அப்படியே திரும்ப உள்ளே வைத்துவிடலாம். செடிக்கு ஒன்றும் ஆகாது.

நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, கிள்ளினால் உடைகிற உறுதியோடு இருக்கும். சில செடிகளின் வேர் இயல்பிலேயே பழுப்பு நிறம், அதனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு விரல்களால் ஒரு வேரைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அழுகிய வேராக இருந்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று விரலோடு வந்துவிடும். உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மண்ணில் நிற்கும். பித்தியம் தாக்கியதற்கு இது பெரிய அடையாளம். முகர்ந்தும் பாருங்கள். ஆரோக்கியமான மண்ணில் மழை பெய்த வாசம் வரும், காற்றில்லாத மண்ணில் சாக்கடை நாற்றம் வரும்.

சமீபத்தில் ஒருவர் செம்பருத்தியைத் தொட்டியோடு காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். முதலில் கீழ் இலைகள் மஞ்சளாகியிருக்கின்றன. சத்துக் குறைவு என்று யாரோ சொல்ல, யூரியா போட்டிருக்கிறார். இலை ஓரம் கருகியது. வெயில் தாங்கவில்லை போல என்று நிழலுக்கு நகர்த்தியிருக்கிறார். அப்புறம் தொட்டியைச் சுற்றிக் குட்டிக் கறுப்பு ஈக்கள் பறக்க ஆரம்பித்தன. அதற்குப் பூச்சிமருந்து. நான் தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன்; ஒரு கையால் அசைக்க முடியாத கனம். அடியில் இருந்த ஒரே துளையை வேரும் களிமண்ணும் சேர்ந்து அடைத்திருந்தன. முதல் நாளிலிருந்தே சிக்கல் அந்தத் துளையில்தான். தண்ணீர் வடியாமல் வேர் அழுக ஆரம்பித்தது. அழுகிய வேரின் மேல் யூரியா விழுந்து இலையைக் கருக்கியது. நிழலுக்குப் போனதும் மண் காய்வது இன்னும் தாமதமானது. ஈரம் கண்டு ஈக்கள் வந்தன. ஒரு வைத்தியத்தின் விளைவுக்கு இன்னொரு வைத்தியம் என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

அந்தக் கறுப்பு ஈக்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றின் புழுக்கள் மேல் மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள், ஈரத்தில் வளரும் பூஞ்சையையும் மக்கும் பொருளையும் தின்று வாழ்பவை. மருந்தடித்தால் பறப்பவை சாகும், மறுவாரம் மண்ணிலிருந்து அடுத்த கூட்டம் கிளம்பும். மேல் மண்ணைக் காயவிட்டால் புழுவுக்குப் பிழைப்பு இல்லை. வீட்டுக்குள் இந்த ஈயைக் கண்டால், யாரோ தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றுகிறார்களோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வடிகால் என்றதும், “அடியில ஜல்லி போட்டிருக்கேனே” என்பார்கள். தொட்டியின் அடியில் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ ஓர் அடுக்காகப் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் யோசனை. நடப்பது வேறு. நுண்ணிய துகள்கள் உள்ள மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. ஜல்லியை ஒட்டி மேலே உள்ள மண் ஊறி நிரம்பிய பிறகுதான் சொட்டும். எந்தத் தொட்டியிலும் மண்ணின் அடிப்பகுதியில் கொஞ்ச உயரத்துக்கு வடியாத ஈரம் தங்கும். ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு அப்படியே மேலே, வேருக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்கிறது.

நம்பிக்கை வராவிட்டால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, படுக்கை வாக்கில் பிடியுங்கள். சொட்டி முடியும் வரை காத்திருங்கள். சொட்டு நின்ற பிறகு அதை நீளவாக்கில் நிமிர்த்திப் பிடித்தால் மறுபடியும் தண்ணீர் ஒழுகும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் கூடியது. அடியில் தங்கும் ஈரத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் அளவு என்பதால், உயரமான தொட்டியில் மேலே காற்றோட்டமான மண் நிறையக் கிடைக்கும். ஆழமில்லாத தொட்டியில் பாதி மண் எப்போதும் சதசதவென்றே இருக்கும். ஜல்லி போடுவது தொட்டியின் ஆழத்தை நாமே குறைத்துக்கொள்வதற்குச் சமம். துளையிலிருந்து மண் கொட்டுகிறது என்றால் ஒரு துண்டு கொசுவலை போதும். ஜல்லிக்குப் பதிலாகக் கலவை முழுதும் பெர்லைட்டையோ (சூட்டில் பொரித்தெடுத்த, எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) பருமணலையோ கலந்துவிடுங்கள். நுண்மணல் வேண்டாம். களிமண்ணோடு சேர்ந்தால் அது இறுகிவிடும்.

வளரட்டும் என்று சின்னக் கன்றைப் பெரிய தொட்டியில் வைப்பதும் இதே வம்புதான். வேர் எட்டாத மண்ணில் உள்ள தண்ணீரை உறிஞ்ச ஆளில்லை. மாற்றும்போது விட்டத்தில் இரண்டு அங்குலம் கூடுதலாக உள்ள தொட்டிக்கு மாற்றினால் போதும்.

சரி, எப்போதுதான் தண்ணீர் ஊற்றுவது? தேதி வைத்தோ வேளை வைத்தோ ஊற்றாதீர்கள். வெயில், காற்று, தொட்டியின் அளவு, செடியின் வயது என எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் விஷயத்தைக் கடிகாரத்திடம் ஒப்படைக்க முடியாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். தூக்க முடிகிற தொட்டி என்றால் தண்ணீர் ஊற்றியதும் ஒரு முறை, காய்ந்த பின் ஒரு முறை தூக்கிப் பழகுங்கள். கொஞ்ச நாளில் கனத்தை வைத்தே கை சொல்லிவிடும். ஊற்றுகிற அன்று அடித் துளை வழியாக வடியும் வரை ஊற்றுங்கள். தினமும் கால் குவளை தெளிப்பது மோசமான பழக்கம். மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே சுற்றும். வடிந்த தண்ணீரைத் தட்டில் தேங்கவிடாதீர்கள். செடிக்கு மட்டும் அல்ல, நமக்கும் ஆகாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதன் முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும் என்பதால் தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு சிக்கலும் உண்டு. தென்னை நார்த்தூளோ பீட் மாஸோ (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) அதிகம் சேர்த்த கலவை முழுக்கக் காய்ந்தால் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகிவிடும். காய்ந்த பீட் மாஸ் தண்ணீரை ஏற்கவும் மறுக்கும். ஊற்றியதெல்லாம் ஓரமாக ஓடித் துளை வழியே வந்துவிடும். வடிகிறதே என்று நாம் திருப்தியாக இருப்போம். நடுவில் மண்கட்டி வறண்டு கிடக்கும். ஊற்றிய உடனே வடிந்தால் சந்தேகப்படுங்கள். தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வைத்து எடுத்தால் சரியாகும்.

வேர் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இலை மஞ்சள் என்றால், அப்போது சத்தைப் பற்றிப் பேசலாம். எந்த இலை என்று பாருங்கள். நைட்ரஜனும் மெக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் பழைய இலையிலிருந்து பிடுங்கித் துளிருக்குக் கொடுத்துவிடும். அதனால் கீழ் இலைகள் முதலில் வெளுக்கும். கீழ் இலை முழுதும் ஒரே சீராக வெளுத்தால் நைட்ரஜன். நரம்பு பச்சையாக, நடுவே மஞ்சளானால் மெக்னீசியம். இரும்பு அப்படி நகராது. புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. அதுவும் பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாததால் வருவது கிடையாது. காரத்தன்மை கூடியதால் வேரால் எடுக்க முடியாமல் போவது. கார அமில நிலை 7-ஐத் தாண்டிய மண்ணில் எவ்வளவு இரும்பு கொட்டினாலும் பலன் குறைவு.

எப்சம் உப்புக்கு இப்போது ஏகப்பட்ட விளம்பரம். அது மெக்னீசியம் சல்பேட், அவ்வளவுதான். மெக்னீசியம் குறைவாக இருந்தால் உதவும். தேவையில்லாமல் போட்டால் கால்சியத்தை உறிஞ்சுவதற்கு இடைஞ்சல் செய்யும். தக்காளிக் காயின் அடி கறுத்து அமுங்கும்போது எப்சம் உப்பு போடுகிறவர்கள் நோயைக் கூட்டுகிறார்கள். அது காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. முட்டை ஓடு நல்லதுதான், ஆனால் மக்கிக் கால்சியம் தர மாதங்கள் ஆகும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளம் கட்டுவதை நிறுத்தி, ஈரத்தைச் சீராக வைத்தால் பெரும்பாலும் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். வயலுக்கு ஏற்ற சரக்கைத் தொட்டியில் கைப்பிடி அளவு போட்டால் மண்ணின் உப்புச் செறிவு ஏறி, வேரிலிருந்தே தண்ணீர் வெளியே இழுக்கப்படும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் தெரிந்தால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். வடிகால் நன்றாக இருந்தால், தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் பெருமளவு கழுவிப் போய்விடும்.

பூச்சிமருந்து விஷயத்தில் ஒன்றே ஒன்றைக் கறாராகச் சொல்வேன்: மீந்த மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை எடுத்துக் குடிக்க ஒரு நிமிடம் போதும்.

அழுகல் கண்ட செடியைக் காப்பாற்றும் வழி இதுதான். வேரைக் கழுவி, குழைந்த வேர்களைச் சுத்தமான கத்தரியால் உறுதியான பகுதி வரை வெட்டிவிடுங்கள். வேர் குறைந்த அளவுக்கு மேலே கிளையையும் குறையுங்கள். மீதமுள்ள வேர் கொள்ளும் அளவு சிறிய தொட்டியில், புதுக் கலவையில் வைத்து, வெளிச்சமான நிழலில் விடுங்கள். புதுத் துளிர் வரும் வரை எந்த உரமும் கிடையாது. வெட்டிய கிளையில் அழுகல் ஏறாத துண்டுகளை நட்டு வையுங்கள். தாய்ச்செடி போனாலும் பிள்ளை மிஞ்சும். செம்பருத்திக்காரருக்கு இரண்டுமே பிழைத்தன, பூக்கத்தான் வெகுநாள் ஆனது. அந்தப் பழைய மண்ணை வேறு தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவைத்த பிறகு அடுத்த செடிக்குப் பயன்படுத்தலாம். துளை அடைத்திருந்தால் முதலில் அதைக் குத்தித் திறந்துவிடுங்கள்.