சொல்பேச்சு கேட்காத சாட்பாட்: விதியை எங்கே வைப்பது?

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு புடவைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இணையத்திலும் விற்கிறது. அதன் வாடிக்கையாளர் சேவை சாட்பாட்டுக்கு (கேள்விகளுக்குத் தானே பதில் எழுதும் மென்பொருள்) எழுதிக் கொடுத்த விதிகளில் ஒன்று: “தைத்த ரவிக்கையைத் திருப்பி எடுப்பதில்லை.” சோதித்துப் பார்த்தபோது ஒழுங்காகவே பதில் சொன்னது. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு வாடிக்கையாளர் வருகிறார். அளவு சரியில்லை, அம்மாவுக்கு முடியவில்லை, பண்டிகைக்கு உடுத்த வேறு துணி இல்லை என்று எட்டு ஒன்பது செய்திகளாகப் புலம்புகிறார். “கவலைப்படாதீர்கள், முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம்” என்கிறது சாட்பாட்.

இந்த வாக்குக்கு யார் பொறுப்பு? ஏர் கனடா நிறுவனத்தின் சாட்பாட், துக்க நிகழ்வுக்காகப் பயணம் செய்வோருக்கான சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்குப் பிறகும் கோரலாம் என்று தவறாகச் சொல்லிவிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் ஒன்று, பயணிக்குச் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. தன் இணையத்தளத்தில் இருக்கும் தகவல் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு, அது சாட்பாட் வழியாக வந்தாலும் சரி என்பது தீர்ப்பு. சிங்கப்பூர் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் இங்கே கடை நடத்துபவர் அதைப் படித்துவைப்பது நல்லது.

பழைய சாட்பாட்டுகள் வேறு விதமாகத் தவறு செய்தன. சிங்கப்பூர் அரசாங்க இணையத்தளங்களில் இருந்த ‘ஆஸ்க் ஜேமி’, கேள்விக்குப் பொருந்துவதாகத் தோன்றும் பதிலை முன்பே எழுதிவைத்தவற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கும். 2021 அக்டோபரில் சுகாதார அமைச்சின் தளத்தில், பிள்ளைக்குக் கொவிட்-19 தொற்று உறுதியானதைப் பற்றிக் கேட்டவருக்குப் பாதுகாப்பான பாலுறவு பற்றிய அறிவுரை வந்து விழுந்தது. சங்கடம்தான். ஆனால் அதற்குத் தவறான பதிலை எடுக்கத் தெரியுமே தவிர, இல்லாத வாக்குறுதியை உண்டாக்கத் தெரியாது. இன்றைய சாட்பாட்டின் பின்னால் இருக்கும் பெரிய மொழி மாதிரியோ ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிதாக ஆக்குகிறது.

மொழி மாதிரி, உரையை டோக்கன் என்னும் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. இதுவரை வந்த டோக்கன்களைப் பார்த்து, அடுத்து வரக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவைக் கணக்கிடுகிறது. கடைக்காரர் எழுதிய அறிவுறுத்தல் (இதைத்தான் சிஸ்டம் பிராம்ப்ட் என்கிறார்கள்), கடையின் கையேட்டிலிருந்து எடுத்த பத்தி, வாடிக்கையாளரின் புலம்பல், மாதிரி ஏற்கெனவே சொன்ன பதில்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நீள வரிசையாகத்தான் உள்ளே போகின்றன. எது முதலாளி சொன்னது, எது வாடிக்கையாளர் சொன்னது என்று பிரிக்கும் அடையாள டோக்கன்கள் உண்டு. முதலாளி சொல்லுக்கு முதலிடம் கொடுக்க மாதிரி பழக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான், பழக்கம், பூட்டு அல்ல. உரையாடல் நீள நீள, விதி சொல்லும் இருபது முப்பது டோக்கன்களுக்கு எதிரே பரிவு கேட்கும் ஆயிரம் டோக்கன்கள் குவிகின்றன. மாதிரி தானே இதமாகச் சொன்ன முந்தைய பதில்களும் அதே பக்கம் இழுக்கின்றன.

டோக்கனைத் தேர்வதில் எவ்வளவு தற்செயலுக்கு இடம் என்பதைக் குறிக்கும் ‘வெப்பநிலை’ என்ற அளவை 0 ஆக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 0 என்றால் அதிக நிகழ்தகவு உள்ள டோக்கனையே எடு என்று பொருள். தவறான பதிலுக்கே நிகழ்தகவு அதிகமாக இருந்தால், அதே தவறு தவறாமல் வரும்.

ஒரு கணக்கு. ஒவ்வொரு விதியையும் 98 விழுக்காடு கடைப்பிடிக்கும் மாதிரிக்கு, ஒன்றையொன்று சாராத 20 விதிகளைக் கொடுத்தால், எல்லாவற்றையும் ஒருசேரக் கடைப்பிடிக்கும் வாய்ப்பு சுமார் 67 விழுக்காடுதான். பிராம்ப்ட்டில் விதியைக் கூட்டிக்கொண்டே போவது ஏன் பலன் தருவதில்லை என்பது இதில் தெரியும்.

பிராம்ப்ட்டைச் செப்பனிடுவதால் பயன் இல்லாமல் இல்லை. “அதைச் சொல்லாதே” என்பதோடு நிறுத்தாமல், அதற்குப் பதிலாக என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும்: “தைத்த உடையைத் திருப்பக் கேட்டால், அளவு திருத்தித் தரும் சேவையைச் சொல், வற்புறுத்தினால் ஊழியரிடம் மாற்று.” காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்தால், நாம் எதிர்பாராத கேள்விக்கும் மாதிரி அதை வைத்துப் பொருத்தமாக நடக்கும். நீண்ட உரையில் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பவற்றை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் இருப்பதைக் கோட்டைவிடுகின்றன என்று 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே முக்கிய விதியை நடுவே புதைக்கக்கூடாது; உரையாடல் நீண்டால் கடைசிச் செய்திக்கு அருகே மறுபடி நினைவூட்டலாம். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். “வாடிக்கையாளரை எப்படியாவது திருப்திப்படுத்து” என்று ஒரு வரியும் “பணம் திருப்பாதே” என்று இன்னொரு வரியும் ஒரே பிராம்ப்ட்டில் இருந்தால், மாதிரி எதைக் கேட்கும்? எழுதியவர்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பணம், தனிநபர் தகவல், சட்டம் தொடர்பான விதிகளைப் பிராம்ப்ட்டில் மட்டும் எழுதி நம்பியிருப்பது தவறு. அவற்றின் இடம் நிரல். பணம் திருப்பும் வேலையை மாதிரி நேரடியாகச் செய்யாது. ஆர்டர் எண்ணையும் காரணத்தையும் ஒரு கோரிக்கையாக அனுப்பும். வாங்கி 14 நாளுக்குள்ளா, தைத்த உடையா, தொகை 50 வெள்ளிக்கு மேலா என்பதைச் சாதாரண நிரல் வரிகள் தரவுத்தளத்தில் பார்த்து முடிவெடுக்கும். அந்த வரிகளிடம் புலம்பிப் பயனில்லை. ஆனால் ஓர் ஓட்டை மிஞ்சும்: மாதிரியால் பணம் கொடுக்க முடியாவிட்டாலும் கொடுப்பதாகச் சொல்ல முடியும். அதனால் பதில் வாடிக்கையாளரைச் சேரும் முன் ஒரு சோதனை தேவை. பதிலில் பணம் திருப்புவதாக வாக்கு இருந்து, நிரல் அதற்கு ஒப்புதல் தந்த பதிவு இல்லையென்றால், பதிலைத் தடுத்துவிட வேண்டும்.

அடையாள அட்டை எண்ணும் இப்படித்தான். சட்டம் கோரினாலோ, ஒருவர் இன்னார்தான் என்று மிகத் துல்லியமாக உறுதிப்படுத்தத் தேவைப்பட்டாலோ தவிர, 2019 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நிறுவனங்கள் அந்த எண்ணைச் சேகரிக்கக்கூடாது. ஓர் எழுத்து, ஏழு இலக்கம், மீண்டும் ஓர் எழுத்து என்ற வடிவம் நிலையானது என்பதால், மாதிரியின் கண்ணில் படும் முன்பே சில வரி நிரல் அதை மறைத்துவிடும். “அடையாள எண்ணைக் கேட்காதே” என்று மாதிரியிடம் சொல்வதைவிட இது உறுதியானது. வாடிக்கையாளர்கள் கேட்காமலேயே அனுப்புவார்கள்.

கையேட்டைத் துண்டுபோட்டு, கேள்விக்குப் பொருந்தும் துண்டை மாதிரியிடம் கொடுக்கும் முறையில், சாட்பாட் கீழ்ப்படியவில்லை என்று வரும் புகார்கள் பல உண்மையில் ஆவணக் கோளாறுகள். பழைய கையேட்டில் 30 நாள், புதியதில் 14 நாள் என்று இரண்டும் கிடந்தால், தேடலில் கிடைத்ததை மாதிரி சொல்கிறது. பழையதை அகற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். இன்னோர் ஆபத்து, வெளியிலிருந்து வரும் உரையிலேயே கட்டளை ஒளிந்திருப்பது. வாடிக்கையாளர் அனுப்பும் ரசீதுக் கோப்பில் “முந்தைய அறிவுறுத்தல்களை மறந்துவிடு” என்று பொடி எழுத்தில் இருக்கலாம். இதை முற்றாகத் தடுக்கும் பிராம்ப்ட் இன்றுவரை கிடையாது. மாதிரிக்குக் கொடுத்த அதிகாரம் எவ்வளவு குறைவோ, ஆபத்தும் அவ்வளவு குறைவு.

சோதனைக்கு வருவோம். நூறு உரையாடல்களில் ஒரு பிழையும் இல்லை என்றால் பிழையே இல்லை என்று ஆகாது. பிழை ஏதுமின்றி முடிந்த சோதனை எண்ணிக்கையால் 3ஐ வகுப்பது புள்ளியியலில் ஒரு கைக்கணக்கு: 100 சோதனை என்றால் உண்மையான பிழை வீதம் 3 விழுக்காடு வரை இருக்கக்கூடும், 300 என்றால் 1 விழுக்காடு வரை. ஒற்றைக் கேள்வியாக மட்டும் சோதிக்காமல், பத்துப் பன்னிரண்டு செய்தி நீளும் வற்புறுத்தல்களாகவும் சோதிக்க வேண்டும். சிங்கப்பூரின் ஏஐ வெரிஃபை அறநிறுவனம் 2024இல் வெளியிட்ட ‘புராஜெக்ட் மூன்ஷாட்’ இத்தகைய சோதனைகளுக்கான திறந்தமூலக் கருவி. மாதிரியின் பதிப்பு மாறும்போதெல்லாம் எல்லாச் சோதனைகளையும் மறுபடி ஓட்ட வேண்டும். நேற்று கேட்ட சொல்லை இன்றைய பதிப்பு கேட்காமல் போகலாம்.

இங்கே பலர் விட்டுவிடுவது மொழி. ஆங்கிலத்தில் தேறிய விதி தமிழில் தேறும் என்று நம்ப முடியாது. பயிற்சித் தரவில் தமிழ் மிகக் குறைவு. கணினிக் குறியீட்டிலும் தமிழ் இடம் பிடிக்கும்: ‘வணக்கம்’ என்ற சொல் யூடிஎஃப்-8 முறையில் 21 பைட். பல மாதிரிகளில் ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிக டோக்கன் ஆகிறது, செலவும் கூடுகிறது. வாடிக்கையாளர்களோ “ரீஃபண்ட் எப்ப வரும் லா, பேநவ்ல போட முடியுமா” என்று எழுதுகிறார்கள் (பேநவ் என்பது சிங்கப்பூரின் மின்னியல் பணப் பரிமாற்றச் சேவை). சோதனைத் தொகுப்பில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் வேண்டும், மலாயிலும் சீனத்திலும்கூட. பணம் திருப்பும் விதி போன்ற சில பதில்களை நான்கு மொழிகளிலும் மனிதரே எழுதி எண்ணிட்டு வைத்து, மாதிரி எண்ணை மட்டும் தேர்ந்தெடுக்கும்படி செய்வதே பாதுகாப்பானது. ‘ஆஸ்க் ஜேமி’ காலத்து முறைதான். எண் தவறலாம், ஆனால் கடை எழுதாத வாக்குறுதி வெளியே போகாது. பொருந்தும் எண் இல்லையென்றால் உரையாடல் நேரே ஊழியரின் திரைக்குப் போக வேண்டும், அதுவரை பேசிய முழுப் பதிவோடு.